வொஷிங்டனின் பூட்டன் பெயர் தெரியும்... எமது பூட்டன் பெயர்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வாரம் தரம் 11 வரலாற்றுப் பாடத்தில் அமெரிக்கப் புரட்சி. ஜோர்ஜ் வொஷிங்டன் என்று கரும்பலகையில் எழுதியதும் பின்வாங்கிலிருந்து ஒரு மகள் கேட்டாள்: "சேர், வொஷிங்டன்ங்கிறது அவரோட அப்பா பேருங்களா?"

நியாயமான கேள்வி. எமது பிள்ளைகளுக்குத் தெரிந்த முறை அதுதான். அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் வரும், அல்லது முழுதாகப் பின்னால் வரும். நாம் சொன்னோம்: "இல்லை மகள், அவருடைய அப்பா பெயர் ஒகஸ்டின். வொஷிங்டன் என்பது குடும்பப் பெயர். ஜோர்ஜின் பூட்டன் ஜோன் வொஷிங்டன் 1650களில் இங்கிலாந்திலிருந்து வேர்ஜீனியாவுக்கு வந்தார். அவரோடு வந்த பெயர்தான் மகன், பேரன், பூட்டப்பிள்ளை வரை மாறாமல் வந்தது."

அடுத்த கேள்வி உடனே வந்தது. இந்த முறை முன்வாங்கிலிருந்து, டவுன் பிள்ளை ஒருவன்: "அப்ப சேர், அவங்கட பூட்டன் பேர் எங்களுக்கே தெரியும். எங்கட பூட்டன் பேர் யாருக்குத் தெரியும்?"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கை தூக்கச் சொன்னோம். அப்பாவின் அப்பா பெயர் தெரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும். அவருடைய அப்பா பெயர்? மூன்று கைகள். இரண்டு தோட்டத்துப் பிள்ளைகள், ஒன்று எமது முஸ்லிம் பிள்ளை. பூட்டியின் பெயர்? ஒரு கையும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நாம் நம்மையே கேட்டுப் பார்த்தோம். வாப்பாவின் வாப்பா பெயர் தெரியும். அவருடைய வாப்பாவை ஊரில் என்ன பட்டப்பெயரால் கூப்பிட்டார்கள் என்பது தெரியும். உண்மையான பெயர் தெரியாது. ஆசிரியர் கலாசாலையில் வரலாறு படித்தோம், இத்தனை வருடமாக வரலாறு கற்பிக்கிறோம். ஆனாலும் தெரியாது. இந்தப் பதிவு அந்த வெட்கத்தில் எழுதியது.

முதலில் அந்தப் பிள்ளைகளிடம் சொன்ன கதையிலிருந்து தொடங்குவோம்.

அமெரிக்காவுக்குப் போனவர்கள் ஏன் போனார்கள்? பாடப்புத்தகம் ஒரு வரியில் மத சுதந்திரம் என்று சொல்லிவிடும். அது ஒரு பகுதி உண்மை. 1620 இல் மேஃபிளவர் கப்பலில் போன 102 பேரில் மதத்துக்காகப் போனவர்களும் இருந்தார்கள், பிழைப்புக்காகப் போனவர்களும் இருந்தார்கள். 1630களில் ஏறத்தாழ 20,000 பேர் நியூ இங்கிலாந்துப் பக்கம் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள்.

ஆனால் தெற்கே வேர்ஜீனியாவின் கதை வேறு. 1607 இல் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் தங்கம் தேடிப் போனவர்கள். தங்கம் கிடைக்கவில்லை, புகையிலை கிடைத்தது. புகையிலைத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். இங்கிலாந்தில் வேலையும் காணியும் இல்லாத இளைஞர்கள் ஏராளம், அவர்களிடம் கப்பல் காசு இல்லை. ஆகவே ஒப்பந்தம். கப்பல் காசை முதலாளி கட்டுவார், இவர் நான்கு முதல் ஏழு வருடம் வரை கூலி இல்லாமல் உழைத்துக் கழிக்க வேண்டும். ஆள் கொண்டுவந்த முதலாளிக்குத் தலைக்கு 50 ஏக்கர் காணி. அந்த ஒப்பந்தக் காலம் முடியும் முன்னமே செத்தவர்கள் பலர். 1619 இலிருந்து ஆபிரிக்கர்களும் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, முடிவும் இல்லை. இவ்வளவும் நடந்தது ஏற்கெனவே வேறு மக்கள் வாழ்ந்த மண்ணில்.

இதைச் சொன்னதும் ஒரு தோட்டத்துப் பிள்ளை சொன்னான்: "சேர், இது எங்க கத மாதிரியே இருக்கு."

ஆமாம் மகன், கிட்டத்தட்ட உங்கள் கதைதான். கூலியே இல்லாத ஒப்பந்தம் என்பது மட்டும் வேறு. இங்கே கூலி இருந்தது, அதைக் கடன் தின்றது.

1830, 40களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. பிறகு அது ஊவா மலைகளுக்கும் பரவியது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஏன் வந்தார்கள்? மழை பொய்த்தது, கடன் ஏறியது, காணி இல்லை, இருந்த ஊரில் சாதியின் பெயரால் தலை நிமிர முடியவில்லை. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைப் பிடித்த பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அந்த நேரத்தில் ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் கொடுத்தார். முன்பணம் என்பது இனிப்பான பெயர். அது கடன். வழிச்செலவும் சாப்பாடும் அந்தக் கணக்கிலேயே ஏறின. தோட்டத்துக்குள் கால் வைக்கும்போதே மனிதன் கடனாளி.

இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணி. மன்னாரில் இறங்கி காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை வரை நடை. அந்த வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்கு யாரும் கல் நட்டு வைக்கவில்லை. 1914 இல்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு சேர்ந்த கப்பல் சேவை வந்தது. பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். இன்று தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறோம். அந்தப் பாதை வருவதற்கு முன் மலையேறியவர்களின் கால்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பிக் காலத்தில் பலர் பறிப்புக் காலத்துக்கு வந்து திரும்பிப் போனார்கள். பிறகு நடந்ததை எமது மாவட்டத்துப் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கோப்பியை அழித்த இலை நோய் 1869 இல் இலங்கையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது வேறெங்கும் அல்ல, எமது மடுல்சீமையில். இருபது வருடத்துக்குள் கோப்பி சரிந்தது, தேயிலை ஏறியது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். வந்து போனவர்கள் லயத்தில் தங்கினார்கள். பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். வந்து போவது குடியிருப்பு ஆனது அப்போதுதான். 1939 இல் இந்திய அரசு தோட்டக் கூலிகள் வருவதைத் தடை செய்தபோது, அதற்குள் பல குடும்பங்களில் மூன்று தலைமுறை இங்கேயே பிறந்தாகிவிட்டது.

இனி பெயர் விடயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவுக்குப் போனவர்கள் ஏற்கெனவே குடும்பப் பெயரோடுதான் போனார்கள். இங்கிலாந்தில் அந்த வழக்கம் அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னமே நிலைத்துவிட்டது. கொல்லன் ஸ்மித் ஆனான், மாவரைத்தவன் மில்லர் ஆனான், ஜோனின் மகன் ஜோன்சன் ஆனான். வொஷிங்டன் என்பது வட இங்கிலாந்தின் டர்ஹம் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். ஆள் கடல் தாண்டினாலும் பெயர் கூடவே வந்தது. காணி உறுதியில், தேவாலயப் பதிவேட்டில், மரண சாசனத்தில் அதே பெயர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. ஒரு மனிதன் பத்துப் பிள்ளை பெற்றால் அந்தப் பெயர் பத்து ஊருக்குப் போகும். குடும்பப் பெயர் பரவியது இப்படித்தான். ஆண் வாரிசு, காணி, எழுத்து மூன்றும் சேர்ந்து.

எங்களிடம் அந்த முறை இல்லை. தமிழரின் வழக்கம் அப்பாவின் பெயரோடு நின்றுவிடும். மகன் வந்ததும் பாட்டன் பெயர் பின்னால் போய்விடும், பேரன் வந்ததும் பூட்டன் பெயர் மறைந்துவிடும். இது குறை என்று நாம் சொல்லவில்லை. ஒரே கிராமத்தில் பத்துத் தலைமுறை வாழ்ந்தவனுக்குக் குடும்பப் பெயர் தேவையே இல்லை. ஊர், தெரு, குலதெய்வம் எல்லாமே அவனுடைய முகவரி. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. அதனால்தான் பேரன் என்ற சொல்லே வந்தது என்பார்கள்.

ஆனால் கடல் தாண்டினால் கதை மாறுகிறது. ஊர் பின்னால் நின்றுவிட்டது. கூடவே வரக்கூடிய பெயரும் இல்லை. அப்போது யார் உன்னை எழுதி வைக்கிறானோ, அவன் கையில் நீ இருக்கிறாய்.

தோட்டத்தில் யார் எழுதினார்கள்? 1900களின் தொடக்கத்தில் டின் டிக்கெட் முறை வந்தது. ஒரு சிறு தகரத் துண்டு. அதில் தோட்டத்துக்குரிய எழுத்தும் இலக்கமும் பொறித்திருக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வழியில் கேள்வி இல்லை, சேர வேண்டிய தோட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்தத் தகரத்தில் மனிதனின் பெயர் இல்லை. இன்னொன்று துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக, இவர்களுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு. அதில் பெயர் வந்தது கடனுக்காக. 1921 இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

மூன்றாவது செக்ரோல். அதுதான் இன்றுவரை எங்கள் நாக்கில் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு என்ன சொல்கிறோம்? பேர். "இன்னைக்கு பேர் போட்டாச்சா?" "கொழுந்து கொறஞ்சிருச்சி, அரைப்பேருதான் போட்டாங்க." சின்ன வயதிலிருந்து கேட்ட சொல் என்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. ஒரு மனிதனுடைய பெயரும் ஒரு நாள் கூலியும் ஒரே சொல். காலையில் பிரட்டுக்கு வந்து நின்றால் பேர். வராவிட்டால் பேர் இல்லை. நிறை குறைந்தால் பாதிப் பேர். உலகத்தில் வேறு எங்கும் மனிதனுடைய பெயரைப் பாதியாக வெட்டிக் கணக்கில் எழுதினார்களா என்று நமக்குத் தெரியாது. எங்கள் மலையில் எழுதினார்கள்.

அந்தச் செக்ரோல் ஆங்கிலத்தில் இருந்தது. லெட்சுமி, லச்சுமி, லட்சுமி மூன்றும் ஒரே பெண்ணாக இருக்கலாம், மூன்று பெண்களாகவும் இருக்கலாம். ராமசாமி நான்கு பேர் இருந்தால் இலக்கம் போட்டார்கள். பிள்ளை பிறந்தால் தோட்ட நிர்வாகம் வழியாகவே பதிவு போனது. அங்கே எழுதியவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் காதில் விழுந்தது கடதாசியில் விழுந்தது. அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. 1892 இல் திறந்த எல்லிஸ் தீவில் இறங்கிய குடியேறிகளின் பெயர்களை அதிகாரிகள் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று. அங்கே ஆய்வு செய்தவர்கள் அது பெரும்பாலும் கட்டுக்கதை என்கிறார்கள். பெயர்ப் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டு வந்தது, தீவில் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு அது கட்டுக்கதை. எங்களுக்கு அது பிறப்புச் சான்றிதழ்.

எங்கள் மலையிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய ஒரு குடும்பப் பெயரும் உண்டு. லிப்டன். தோமஸ் லிப்டனின் பெற்றோர் அயர்லாந்தின் ஃபெர்மனா பகுதியிலிருந்து கிளாஸ்கோ நகருக்குப் பிழைக்கப் போனவர்கள். அவரும் சின்ன வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல் வயலிலும் கூலி வேலை செய்தவர். பிறகு ஊர் திரும்பிக் கடை போட்டுப் பணக்காரராகி, 1890 இல் அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்ன உட்படத் தோட்டங்களை வாங்கினார். அவருக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் தேயிலைப் பக்கட்டில் ஏறி உலகத்தின் எல்லாச் சமையலறைக்கும் போனது. அந்தப் பக்கட்டுக்குள் இருந்த கொழுந்தை எடுத்தவளுடைய பெயர் அவளுடைய பூட்டப்பிள்ளைக்கே தெரியாது. ஒரே மலை, ஒரே தேயிலை, இரண்டு பெயர்கள்.

இதுவரை தோட்டத்துக் கதை. எங்கள் முஸ்லிம் வீடுகள் மட்டும் எல்லாம் எழுதி வைத்திருக்கின்றன என்று நினைக்க வேண்டாம்.

ஊவாவில் முஸ்லிம்கள் தேயிலைக்குப் பிறகு வந்தவர்கள் அல்லர். 1626 இல் போர்த்துக்கேயர் தம் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்து, பலரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். கிழக்கின் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற, மலையின் பாக்கும் மிளகும் கீழே இறங்கப் பொதிமாட்டுத் தவளம் ஓட்டியவர்கள் எம்மவர்கள். வெல்லஸ்ஸ வழியாகப் பதுளைக்கு வந்த பாதைகள் அந்தக் கால்களுக்குப் பழக்கமானவை. 1817 இல் பிரித்தானியர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்கார் என்பவரை முஹாந்திரமாக நியமித்தார்கள். ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியைப் பற்றவைத்த காரணங்களில் அந்த நியமனமும் ஒன்று. ஹாஜி கிளர்ச்சிக்காரர்களிடம் அகப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்த வரலாற்றின் சரி பிழையை இன்னொரு நாள் பேசுவோம். இங்கே அந்தப் பெயரை மட்டும் பாருங்கள். ஹாஜி என்பது ஹஜ் செய்தவர் என்ற மரியாதை. மரிக்கார் என்பது கடல் வணிகரின் பட்டம். அவருடைய வாப்பா பெயர் என்ன என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

தேயிலைக் காலத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய இந்தியக் கரைகளிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். சம்மாங்காரர் என்று ஊரில் சொல்வோம். அரசாங்கக் குடிசன மதிப்பீட்டில் முதலில் கரையோரச் சோனகர், பிறகு இந்தியச் சோனகர். தோட்டத்துச் சந்தியில் நானா கடை இல்லாத இடம் உண்டா? சம்பளம் வரும்வரை அரிசியும் புடவையும் கடனுக்குக் கொடுத்த கொப்பி அந்தக் கடையில்தான் இருந்தது. தோட்டத்துப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்த பழைய கொப்பிகளில் அதுவும் ஒன்று என்றால் மிகையில்லை. வியாபாரத்தில் நியாயமும் இருந்தது, அநியாயமும் இருந்தது. இரண்டையும் மறைக்கத் தேவையில்லை.

எங்கள் பெயர்களைப் பாருங்கள். லெப்பை ஓதிக்கொடுத்தவருக்கான மரியாதை. ராவுத்தர் குதிரையோடு சம்பந்தப்பட்டது. தம்பி, நெய்னா எல்லாம் கூப்பிட்ட முறை. இவை காலப்போக்கில் பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டன. கண்டிச் சீமை முஸ்லிம்கள் சிலருக்குச் சிங்களவர் போலவே கெதர என்று முடியும் வாசகமப் பெயர் உண்டு. மலாய் சகோதரர்களின் பெயரில் முன்னால் வரும் டி என்ற எழுத்து பெரும்பாலும் துவான் என்ற மரியாதைச் சொல். கல்விமான் டி.பி. ஜாயாவின் டி அதுதான். ஆக, எழுத்து இருக்கிறது, அது என்ன என்று பிள்ளைக்குத் தெரியாது. எமது வகுப்பில் எம்.எம்.எம். என்று மூன்று எம் வைத்திருக்கும் மகன் ஒருவன் இருக்கிறான். மூன்றையும் விரிக்கச் சொன்னோம். இரண்டாவது எம்மில் நின்றுவிட்டான்.

"இதெல்லாம் சரி சேர், பூட்டன் பேர் தெரியாவிட்டால் என்ன, சோறு இறங்காதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஒரு காலத்தில் உண்மையிலேயே இறங்கவில்லை.

1947 தேர்தலில் மலையகத் தமிழர் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா போனார். அடுத்த வருடம் வந்தது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தவன் இலங்கையன் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. உன் அப்பா இலங்கையில் பிறந்தவரா? இல்லாவிட்டால் உன் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்களா? காட்டு, என்றது. வகுப்பில் நாம் கேட்ட அதே கேள்வியை ஒரு நாடு தன் மக்களிடம் கேட்டது. கை தூக்கியவர்கள் சொற்பம். தெரியாததனால் மட்டும் அல்ல. தெரிந்தாலும் கடதாசி இல்லை. கடதாசி இருந்தாலும் அதிலுள்ள பெயரும் இவர் சொல்லும் பெயரும் ஒன்றல்ல.

1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கான சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1 க்கு முன் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம். ஒரு தோட்டத்தில் கருப்பையா, இன்னொரு தோட்டத்தில் கறுப்பன் என்று எழுதப்பட்ட மனிதன் தான் ஒரே ஆள் என்பதை எதை வைத்துக் காட்டுவான்? அந்தச் சட்டங்கள் தோட்டத்தவரை மட்டும் தொடவில்லை. இந்தியச் சோனகக் கடைக்காரக் குடும்பங்களும் அதே வரிசையில் நின்றன. எமது ஊரில் அந்த வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இதை வாசிப்பார்கள் என்று நினைக்கிறோம்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். மனிதரின் பெயர் பாதியானது போய், குடும்பமே பாதியானது. பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் கோச்சி ஏற்றிவிட்ட நாளை எங்கள் ஊர் முதியவர்கள் இன்றும் குரல் தழுதழுக்கச் சொல்வார்கள். அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே. குடும்பப் பெயர் இருந்திருந்தால் இன்று முகநூலில் தேடியாவது கண்டுபிடித்திருக்கலாம். ராமசாமியின் மகன் முருகையா என்று தேடினால் எத்தனை ஆயிரம் பேர் வருவார்கள்? நாடற்றவர் என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து ஏறக்குறைய முழுதாக அகற்ற 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை இறங்கி லயங்களை மூடியது. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்ற கணக்கு நாட்கணக்கில் மாறிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் நாம் எல்லோரும் தேடியது ஒரு பெயர்ப் பட்டியலை.

இந்தக் கதையின் அமெரிக்கப் பக்கத்தில் இன்னொரு வொஷிங்டன் இருக்கிறார். அவரைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொன்னோம். புக்கர் டி. வொஷிங்டன். வேர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினச் சிறுவன். விடுதலை கிடைத்தபின் முதன்முதலாகப் பாடசாலைக்குப் போகிறான். ஆசிரியர் இடாப்பு கூப்பிடுகிறார். மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டு பெயர், இவனுக்குப் புக்கர் என்று ஒன்றுதான். தன் முறை வந்தபோது அமைதியாக, புக்கர் வொஷிங்டன் என்று சொல்லிவிட்டான். பிற்காலத்தில் பெரிய கல்விமானான பிறகு இதைத் தானே எழுதி வைத்தார். இன்று அமெரிக்காவில் வொஷிங்டன் என்ற குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். ஜனாதிபதியின் பெயரைப் பெரும்பாலும் சுமந்து சென்றவர்கள் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள். அப்படியானால் பெயர் இரத்தத்தில் மட்டும் பரவுவதில்லை. ஒரு பிள்ளை நிமிர்ந்து நின்று தன் பெயரைச் சொல்லும்போதும், எதிரில் இருக்கும் ஆசிரியர் அதைச் சரியாக எழுதும்போதும் பரவுகிறது.

இது ஆசிரியர்களாகிய எமக்குச் சுடும் இடம். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பும் காலம் வரும்போது ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். சென்ற வருடம் ஒரு மகளின் தந்தை பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம். அதைத் திருத்தத் தகப்பன் நான்கு நாள் வேலையை விட்டு அலைந்தார். அவருக்கு அது நான்கு பேர் இல்லாத நாள். தரம் 1 சேர்க்கும் அன்று யாரோ ஓர் ஆசிரியர் சான்றிதழைப் பார்க்காமல் காதால் கேட்டு எழுதியிருக்கிறார். அது எமது கையாகவும் இருந்திருக்கலாம்.

ஆகவே உறவுகளே, எமது வேண்டுகோள் பெரியதல்ல.

இன்றே உங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாடசாலை இடாப்பில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் சாதாரண தரப் பரீட்சை வரும்வரை வைத்திருக்காமல் இப்போதே பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சக ஆசிரியர்களே, சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள்.

அடுத்தது, ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டில் வயதான ஒருவர் இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். அப்பா பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர். பாட்டி, பூட்டி பெயர்களை முதலில் கேளுங்கள். அவைதான் முதலில் அழிகின்றன. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தக் கங்காணி பிரட்டு. இந்தியாவில் எந்த ஊர், எந்தக் குலதெய்வம். எம்மவர்கள் என்றால் எந்தக் கரை, எந்த ஊர்ப் பள்ளி, நிக்காஹ் எங்கே பதிந்தது, மையவாடியில் யார் எங்கே அடக்கம். பட்டப்பெயரையும் எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம். பெயர் மாறி மாறி எழுதப்பட்டிருந்தால் அத்தனை எழுத்தையும் அப்படியே எழுதுங்கள்.

ஐரோப்பியரைப் போல எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதல்ல நமது கருத்து. தந்தையின் பெயரால் பிள்ளையை அறிவது எமது மார்க்கத்திலும் உள்ள அழகான வழக்கம், தமிழரின் வழக்கமும் அதுதான். அதைக் கைவிடத் தேவையில்லை. பெயரே சுமந்து வராத சங்கிலியை எழுத்து சுமக்கட்டும்.

நாமும் தொடங்கிவிட்டோம். எங்கள் குடும்பத்தில் மூத்த மாமியிடம் தொலைபேசியில் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏன் மகன், இவ்வளவு காலமும் யாரும் கேக்கல்லயே?" என்றார். ஒரு பெயர் சொன்னார். பூட்டனின் பெயர். பிறகு நாம் கேட்காமலேயே பூட்டியின் பெயரையும் சொன்னார்.

இரண்டையும் எழுதி வைத்துவிட்டோம். நாளை வகுப்பில் நாமும் கை தூக்கலாம்.